இருபது சுற்று

ஆறு பேர் படுக்கும் அறையில் யார் அதிக நாள் கிடக்கிறாளோ அவள்தான் தலைவி. தென்கொரியாவின் தேஜோன் நகரப் புற்றுநோய் வார்டில் இது எழுதாத சட்டம். மல்சுக்குக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஜன்னலோரப் படுக்கை, ஃபிரிட்ஜ், மற்ற ஐந்து பேரின் நிம்மதி எல்லாம் அவள் கையில். மாலை ஐந்து அடித்தால் கையைத் தட்டுவாள்.

"எந்திரிங்கடி! படுத்துக் கிடக்கிறதுக்கு செத்தப்புறம் நேரம் இருக்கு."

சொட்டுமருந்துக் கம்பியை உருட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் இருபது சுற்று. சுவர்ப் பட்டியலில் முடித்தவள் பெயருக்கு நேரே சிவப்பு ஸ்டிக்கர். நடந்தால் உடம்பின் அழற்சி குறையும் என்று டாக்டர் சொன்னது உண்மைதான். முடிந்த அளவு நடந்தால் போதும் என்றும் சொன்னார். அந்தப் பாதி மல்சுக்கின் காதில் ஏறவில்லை. காய்ச்சல் அடித்தால் நடக்காதே, நர்ஸிடம் சொல் என்று சுவரில் ஒரு பலகையும் இருந்தது. அதைத் தினம் இருபது தடவை கடந்து போனார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருத்தியான மிரானுக்கு ரத்தப் பரிசோதனையில் அழற்சி எண் இறங்காததால் கீமோ இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. ஈரலில் இருந்த கட்டி எதையும் தள்ளிப்போடவில்லை. இந்த வியாழனும் தவறினால் தன் கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும்.

செவ்வாய் மாலை பக்கத்துப் படுக்கை சேபோம் அவள் கையைப் பிடித்தாள். முப்பத்து நாலு வயது, அறையின் கடைக்குட்டி. கை கொதித்தது.

"குளிருதுக்கா. நர்ஸக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடேன்!" என்று ஜன்னலோரத்திலிருந்து மல்சுக் குரல் கொடுத்தாள். "போன மாசம் இப்படித்தான் ஒருத்தி கூப்பிட்டா. அறையையே பூட்டி, பத்து நாள் ஒருத்திக்கும் மருந்து ஏத்தல."

சேபோம் மிரானைப் பார்த்தாள். மிரான் எழுந்து தன் கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு, ஃபிரிட்ஜிலிருந்து பார்லித் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். நர்ஸ் காதில்தான் வெப்பம் பார்ப்பாள். அந்தக் காதில் பாட்டிலை வைத்து அழுத்தினாள்.

"ரெண்டு நாள் பல்லக் கடிச்சுக்கோ, என் தங்கம்ல."

அவர்களுக்கு ஏற்றும் மருந்து அப்படி, குளிர்ந்தது எது பட்டாலும் ஊசியாகக் குத்தும். சேபோமின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்த வலி மிரானுக்குத் தெரியாததல்ல. அதனால்தானே கையுறை! அவள் கெட்டவள் இல்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வாய் வரவில்லை.

நர்ஸ் வந்தாள், பார்த்தாள். "முப்பத்தாறு ஒன்பது. நல்லாருக்கீங்க."

நடக்காமல் படுத்தால் நர்ஸுக்குச் சந்தேகம் வரும். எனவே மிரானே அவளைத் தோளோடு அணைத்து நடத்திப் போனாள். ஒன்பதாவது சுற்றில் சேபோமின் உதடு நீலம் பாய்ந்தது. "உக்காரட்டுமாக்கா?" என்றாள். "இன்னும் கொஞ்சந்தான்" என்றாள் மிரான். பதினேழாவது சுற்றில், அந்தப் பலகைக்குக் கீழேயே, சேபோம் மடங்கி விழுந்தாள்.

"மூணு சுத்துதான் பாக்கி" என்றாள் மல்சுக். அன்றைக்கு சேபோமின் பெயருக்கு நேரே ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

புதன் மதியம் சேபோம் இறந்தாள். மார்பில் பதித்திருந்த மருந்துக் குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. அது தொற்றும் காய்ச்சலே அல்ல. அறையில் எல்லோருக்கும் பரிசோதனை அரை மணி நேரத்தில் முடிந்தது. யாருடைய மருந்தும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றாள் நர்ஸ். ஐந்து பேரும் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழன் காலை மிரானின் அழற்சி எண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. "நடந்தது வீண்போகல பாத்தீங்களா?" என்று நர்ஸ் தட்டிக்கொடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் சேபோமின் கணவன் சாமான்களை எடுத்துப்போக வந்தான். மிரான் முன் இடுப்பு மடியக் குனிந்தான்.

"நீங்கதான் கடைசிவரைக்கும் அவ கையப் பிடிச்சு நடத்துனீங்களாமே. இத எப்படி மறப்பேன்?"

இரண்டு படுக்கைக்கும் நடுவே கிடந்த கம்பளிக் கையுறையை அவன் எடுத்தான். பாட்டிலின் ஈரம் பட்டுக் காய்ந்து விறைத்திருந்தது.

"இது அவளோடதுதானே?"

மிரானைக் கீமோவுக்கு அழைத்துப்போக சக்கர நாற்காலியோடு நர்ஸ் வாசலில் காத்திருந்தாள்.

"ஆமா" என்றாள் மிரான். "அவளோடதுதான்."

அவன் அதைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டான். பிறகு இரண்டாக மடித்து, சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு போனான்.