ஐம்பது டிகிரித் தண்ணீர்

ஓய்வுபெற்ற நாலாம் மாதம் ஓரெஸ்ட்டுக்கு வீட்டில் கொடுக்கப்பட்ட உருப்படியான வேலை, கெட்டிலைச் சுரண்டிக் கழுவுவது. எட்மன்டன் குழாய்த் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க அதிலுள்ள சுண்ணாம்பு அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். கரண்டிக் காம்பால் சுரண்டிக்கொண்டிருந்தவர் பாதியில் கல்லாய் நின்றுவிட்டார். என்ன ஆச்சு என்று மனைவி டாரியா இரண்டு தரம் கேட்டார். மறுநாள் விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் வடக்கே ஓட்டி, பீஸ் ரிவர் ஊரில் டாக்டர் எல்ஸ்பெத் வீட்டுக் கதவைத் தட்டினார்.

நாற்பது வருஷம் ஆயிற்று இருவரும் பார்த்து. ஆனாலும் வழியெல்லாம் அவருக்கு எழுபத்தொன்பதாம் வருஷத்து வசந்தம்தான். எல்ஸ்பெத்தின் ஆய்வுக்கூடத்தில் அப்போது அவர் உதவியாளர். ஃபோர்ட் மெக்மரிச் சுரங்கத்திலிருந்து வாளி வாளியாகக் கரிய மணல் வரும். வெந்நீர் விட்டுக் கலக்கினால், மணலை ஒட்டியிருக்கும் தார் கழன்று நுரையாக மிதக்கும். கரண்டியால் வழித்தெடுக்க வேண்டும். அந்த வாடை தலைமுடியில் ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு இடம் போவார்கள். அதையும் ஒரு கௌரவமாக நினைத்த வயது.

எண்பது டிகிரித் தண்ணீர் வேண்டும் என்று ஊரே சொன்னது. எரிவாயுவைக் கொட்டி அழ வேண்டாம், ஐம்பதே போதும் என்றார் எல்ஸ்பெத். சிரித்தார்கள். அந்த மே மாதம் தொடர்ந்து நாலு நாள், ஐம்பது டிகிரியில், மணலில் இருந்த தாரில் தொண்ணூறு சதவீதம் மேலே வந்தது. நுரையை எடைபோட்டவர் ஓரெஸ்ட். அதில் தார் எவ்வளவு என்று கணக்கிட்டவர் எல்ஸ்பெத். மாடி முழுவதற்கும் டோனட் வாங்கி வந்து, சர்க்கரை ஒட்டிய விரலோடு அந்த எண்ணைப் பலகையில் எழுதினார். அப்படியொரு சந்தோஷத்தை ஓரெஸ்ட் வேறு எங்கேயும் கண்டதில்லை, சொந்தக் கல்யாணத்தில்கூட.

பிறகு மேலிடத்துக் குழு வந்தது. அவர்கள் கண்ணெதிரே செய்தபோது அறுபது சதவீதத்தைத் தாண்டவில்லை. மறுநாளும் அறுபது. ஒரு வெள்ளிக்கிழமை எல்ஸ்பெத், தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பீஸ் ரிவரில் பள்ளிக்கூட ஆசிரியையானார். ஓரெஸ்ட் அந்த ஆய்வுக்கூடத்திலேயே நாற்பது வருஷம் வேலை பார்த்தார். சுண்ணாம்புத் தண்ணீரில் தார் சரியாகப் பிரியாது என்று புதிதாக வருபவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தார். சொந்தக் கதைக்கு மட்டும் அதைப் பொருத்திப் பார்க்கவில்லை, அந்தப் புத்திசாலி. எல்ஸ்பெத் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பினார். ஒன்றுக்கும் இவர் பதில் போடவில்லை.

கதவைத் திறந்த எல்ஸ்பெத்துக்கு எழுபத்து மூன்று வயது. பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, தொப்பை போட்டுவிட்டாயே என்றுதான் ஆரம்பித்தார். உள்ளே வந்த ஓரெஸ்ட் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"டாக்டர், அந்த நாலு நாளும் நான் குழாய்த் தண்ணி ஊத்தல. சூடு பண்ண சோம்பேறித்தனப்பட்டு, டீ கெட்டில்ல கொதிச்சு ஐம்பதுக்கு ஆறிக் கெடந்ததை ஊத்திட்டேன். சுண்ணாம்பெல்லாம் கெட்டில்லயே தங்கிடுச்சு. குழு வந்தப்ப பயந்துட்டு, விதிப்படி குழாய்த் தண்ணியை அளந்து, கொதிக்க விடாம ஐம்பதுக்குச் சுட வச்சேன். நேத்துதான் புரிஞ்சுது."

எல்ஸ்பெத் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப எடையில நீ கை வைக்கலியா?"

"நானா?"

"நான் சந்தோஷப்படட்டும்னு நீதான் எடையைக் கூட்டி எழுதிட்டியோன்னு நெனச்சேன். அப்ப உனக்கு இருபத்தி நாலு வயசு. டாரியாவுக்கு ஏழாம் மாசம். உன் வேலை போயிடுமேன்னு தப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுத்தேன்."

இந்தப் பெண்மணியை ஓரெஸ்ட் நாற்பது வருஷம் பொய்க்காரி என்று நினைத்திருந்தார். அட்டை வரும்போதெல்லாம் முகம் சுளித்திருந்தார். இதைச் சொல்லாமல் மென்று விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"நான் உங்களத்தான் சந்தேகப்பட்டேன், டாக்டர். கணக்குல நீங்க ஏத்திட்டீங்கன்னு."

"தெரியும்" என்றார் எல்ஸ்பெத். "அட்டைக்குப் பதிலே வரலையே."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் ஓரெஸ்ட்டுக்குத் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். எல்ஸ்பெத் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வேறொன்றைக் கேட்டார்.

"அப்ப அந்தத் தொண்ணூறு நெஜம்?"

"நாலு நாளும் நெஜம், டாக்டர்."

எல்ஸ்பெத் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று ஓரெஸ்ட்டுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, இன்னொரு தரம் சொன்னார்.