செங்கம்மா நிலத்தின் மேற்கு வரப்பு

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடி மாதத்தில், சித்தூர்ப் பக்கத்துப் பாலசமுத்திரத்தை ஒட்டிய ஊரில், செங்கம்மாவின் இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம் பெரிதாகத் தொடங்கியது. அக்கம்பக்கத்து நிலம் ஒரு முழம்கூடக் குறையவில்லை. அந்தச் சமயம் ரூபாயின் மதிப்பு இறங்கியது, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, வேர்க்கடலை விதை விலை ஏறியது. இவற்றோடு சேர்த்துத்தான் ஊர் இதையும் பேசியது. முதலில் தெரிந்துகொண்டது செங்கம்மா. வழக்கமாக வாங்குகிற விதை பாதி நிலத்திலேயே தீர்ந்துபோனது. பள்ளிப்பட்டு வியாபாரி எடையில் கைவைத்துவிட்டான் என்று சந்தைக்கே போய் அவன் மானத்தை வாங்கிவிட்டு வந்தாள். அடுத்த முறை கூடுதலாக வாங்கினாள், அதுவும் போதவில்லை. கிழக்கு வரப்பில் ஏர் பூட்டிய மாடுகள் மேற்கு வரப்பைத் தொட்டுத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்தது. பக்கத்து நிலத்து ஆதிநாராயணன், தன் பங்கைத்தான் விழுங்கிவிட்டாள் என்று கயிறு கொண்டுவந்து அளந்து பார்த்தார். அவர் நிலம் அப்படியே இருந்தது. சண்டைக்கு வழியில்லாமல் போன வருத்தத்தில் அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

செடி பெரிதாகவில்லை, கல் பெரிதாகவில்லை, நடுவில் நின்ற வேப்பமரமும் பெரிதாகவில்லை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இருந்த வெற்றிடம்தான் வளர்ந்தது. செங்கம்மா அந்த வெற்றிடத்திலும் விதைத்தாள், அதுவும் விளைந்தது. விளைச்சல் கூடியது, நடையும் கூடியது, முழங்கால் வலியும் கூடியது. இரண்டு வருஷம் போன பிறகு இன்னொன்றும் தெரியவந்தது. கிழக்கு வரப்பில் நின்று பார்த்தால் கிட்டே தெரிவது இன்றைய நிலம். வேப்பமரத்துக்கு அப்பால் தெரிவது போன வருஷத்து நிலம். அதற்கும் அப்பால், என்றைக்கோ விற்றுவிட்ட ஆடுகள் நின்று மேய்ந்தன. எவ்வளவு தூரமோ அவ்வளவு பழசு, எவ்வளவு பழசோ அவ்வளவு சிவப்பு. நேரில் நடந்து போனால் அங்கே ஆடும் இருக்காது, சிவப்பும் இருக்காது, இன்றைய மண்ணும் இன்றைய வெயிலும்தான் இருக்கும். வெளிச்சமும் அந்த நிலத்தைக் கடந்துதான் வரவேண்டியிருந்தது. அதற்கும் நாள் பிடித்தது.

ஆகவே கடைக்கோடியில் வெங்கடசாமி நின்றார். அவர் செங்கம்மாவின் புருஷன், மஞ்சள் காமாலையில் செத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. எழுபத்தைந்தில் சர்க்கார் ஏழைகளுக்கு நிலம் கொடுத்தபோது, அதுவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு மட்டுமே இறங்கிய இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது இந்தக் கல்லுமேடு. அதைத் திருத்த அவர் கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தார், தூரத்தில், செக்கச்செவேலென்று. முதல்முறை பார்த்த அன்று செங்கம்மா வரப்பிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் எழுந்து நின்று கத்தினாள்: "என்னையும் புள்ளையையும் அம்போன்னு வுட்டுட்டு, அங்க போயி கல்ல நோண்டிக்கினு கீறியா?" அவருக்குக் கேட்கவில்லை. அவருக்கும் பின்னால், பாறையும் முள்ளும் மட்டும் இருந்த காலத்துக்கும் பின்னால், மங்கலான ஒரு வெளிச்சம் பனிமூட்டம்போல அடைத்து நின்றது. அதைத் தாண்டி யார் கண்ணும் போகவில்லை.

ஊரில் இளவட்டங்கள் கிளம்பிப் போகிற காலம் அது. சிலர் கிரானைட் பாலிஷ் போட, சிலர் திருப்பதி ஓட்டல்களுக்கு, மற்றவர்கள் பெங்களூருக்கு. தொண்ணூற்றாறில் செங்கம்மாவின் ஒரே மகன் கிரண்குமாரும் கிளம்பினான். மேற்கே சித்தூர் பஸ் நிற்கிற ரோட்டுக்கு நிலத்தின் குறுக்கேதான் வழி. வெள்ளைச் சட்டையும் தோளில் ஒரு பையுமாக அவன் நடந்தான். அன்று சாயங்காலமே அவன் பஸ் ஏறிவிட்டான், வாரத்துக்குள் வேலையிலும் சேர்ந்துவிட்டான். ஆனால் கிழக்கு வரப்பிலிருந்து பார்த்தால் அவன் இன்னும் போய்க்கொண்டே இருந்தான். வருஷம் திரும்பியும் போய்க்கொண்டிருந்தான். நடை மெதுவானது, சட்டை வெளுத்த சிவப்பானது. அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் செங்கம்மாவின் ஆற்றாமை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ஊருக்கே தெரியும்.

தொண்ணூற்றெட்டில் மாம்பழக் கூழ் கம்பெனி ஒன்று தொழிற்சாலைக்கு இடம் தேடி வந்தது. வெளிநாட்டுக்குக் கூழ் போகிறது, டாலர் வருகிறது என்றார்கள். ரோட்டை ஒட்டி, எடுக்க எடுக்க வளருகிற நிலம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? கம்பெனி ஆள் ரமணா திருப்பதியிலிருந்து காரில் வந்து பேசினான். செங்கம்மா முடியாது என்றாள். அவன் பெங்களூரில் மகனைப் பிடித்தான். மகன் ஊர் எஸ்.டி.டி பூத்துக்குப் போன் போட்டான்.

"நீ ஒருத்தியா அங்க இன்னாம்மா பண்ணுவ? நெலத்தக் குடுத்துட்டு இங்க வந்துடு."

"டேய், நீ இன்னும் நம்ம நெலத்தயே தாண்டல. நான் தெனமும் பாத்துக்கினுதான் கீறேன். மொதல்ல தாண்டு, அப்பறம் பேசு" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் பிரேமலதா வந்தாள். சித்தூர் மிஷன் சபைத் தமிழ்க் குடும்பத்துப் பெண், திருப்பதியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். மாணவர்களைக் கூட்டிவந்து, வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரிக்கிற பட்டைக் கண்ணாடியை மேற்கே திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: அண்டம் முழுக்க இப்படித்தான். நட்சத்திரக் கூட்டங்களுக்கு நடுவே இருக்கிற இடம் வளர்ந்துகொண்டே போகிறது, தூரத்தில் இருப்பது பழசாகவும் சிவப்பாகவும் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் பின்னால் இதே மாதிரி ஒரு மூட்டம் உண்டு. எல்லாம் கொதித்துக் கிடந்த ஆதியில், கொஞ்சம் ஆறியதும் முதன்முதலாக விடுபட்டு வந்த வெளிச்சம் அது. அதைச் சில வருஷம் முன்னால்தான் விண்கலம் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.

"இந்த வளர்ச்சி வரவரக் குறையும்னுதான் எல்லாரும் நெனச்சோம்க்கா. தூரத்துல வெடிக்கிற நட்சத்திரங்கள அளந்து பாத்தா, வேகம் கூடிக்கிட்டே போகுதாம். இந்த வருஷம்தான் கண்டுபிடிச்சாங்க. ஏன்னு யாருக்கும் தெரியல."

செங்கம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "மேல கீறது அம்மாம் பெருசா வளருதே, அத்தப் போயி எந்தக் கம்பெனியும் கேக்கல. எங்கிட்ட மட்டும் இன்னாத்துக்கு வர்றானுங்க?"

அன்றிலிருந்து பிரேமலதா வருஷா வருஷம் புது மாணவர்களோடு வந்தாள், வரும்போது முழங்காலுக்குத் தைலமும் கொண்டுவந்தாள்.

சர்க்கார் கொடுத்த நிலம் உழாமல் தரிசாகக் கிடந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருந்தது. கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டது. அறுவடை முடிந்து நிலம் வெறுமையாகக் கிடந்த பங்குனியில் மனு போட்டார்கள்: இது ஆதியிலிருந்து தரிசு, திருத்தியவர் யாரும் இல்லை, வாரிசும் ஊரில் இல்லை. விசாரிக்க உமாபதி என்ற ஆபீசர் வந்தார். அளக்கச் சங்கிலியோடு மேற்கே போன ஆட்கள் சாயங்காலம் சோர்ந்து திரும்பிவந்து, சங்கிலியைப் போட்டுவிட்டு மோர் கேட்டார்கள். மறுநாள் காலையில் ஊரே கிழக்கு வரப்பில் கூடியது.

"ஏமம்மா, இது எங்கதான் முடியுது?" என்று தெலுங்கு கலந்த தமிழில் கேட்டார் உமாபதி.

"அது முடியற எடத்துல முடியட்டும் சார். தரிசுன்னாங்களே, அத்தப் பாருங்க மொதல்ல."

உமாபதி பார்த்தார். வேப்பமரத்துக்கு அப்பால் போன வருஷத்து வேர்க்கடலை பச்சையாக நின்றது. அதற்கு அப்பால் அதற்கு முந்திய வருஷத்துக் கேழ்வரகு, அப்புறம் கொள்ளு, மறுபடி வேர்க்கடலை. வருஷத்துக்கு ஒரு பட்டையாகப் பயிர் சிவந்து சிவந்து போய், கடைசியில் கல்லுமேட்டில் முடிந்தது. அங்கே ஒருவர் கடப்பாரை போட, நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் கல்லைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அது யாரோ கூலிக்காரங்க சார்" என்றான் ரமணா.

"அந்தக் கூலிக்காரி நான்தான்யா!" செங்கம்மாவின் குரல் ஆதிநாராயணன் வீடு வரை கேட்டது. "சார், நல்லாப் பாருங்க. இப்ப அவரு ஒரு கல்லப் பொரட்டுவாரு, அது என் கால்ல வுழும்."

கடைக்கோடியில் வெங்கடசாமி ஒரு பாறையைப் புரட்டினார். அது உருண்டது. அந்தப் பெண் கூடையை எறிந்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் செங்கம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இடது காலை ஆபீசர் முன்னால் நீட்டினாள். கட்டைவிரல் பாதிதான் இருந்தது. உமாபதி காலைப் பார்த்தார், மேற்கே பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார்.

"சரிம்மா, அது அப்போ. இப்ப வாரிசு யாரும் ஊர்ல இல்லன்னு எழுதியிருக்காங்களே?"

"அந்த வயித்துல கீறவன்தான் சார் வாரிசு. அதோ, பையத் தூக்கிக்கினு போறான் பாருங்க, அவனும் இவன்தான். இன்னும் நெலத்த வுட்டே போவல."

உமாபதி சிரித்துவிட்டார். சிரித்தபடியே, நிலம் தொடர்ந்து சாகுபடியில் உள்ளது, வாரிசு நிலத்திலேயே காணப்பட்டார் என்று அறிக்கை கொடுத்தார். பொய் ஒன்றுமில்லை. கம்பெனி வேறு எங்கோ இடம் பார்த்துக்கொண்டது. அந்த வருஷம் மாங்காய் விலை படுத்துவிட்டது.

நாலு வருஷம் கழித்து, கங்கம்மா ஜாத்திரைத் திருவிழாவுக்குக் கிரண்குமார் தன் மனைவி பத்மினியோடு ஊருக்கு வந்தான். கிழக்கு வரப்பில் நின்று, தான் போவதைத் தானே பார்த்தான். பெங்களூரில் இளநரை விழத் தொடங்கிய அவன், அந்த இருபது வயது முதுகிலிருந்து கண்ணை எடுக்காமலே அம்மாவிடம் சொன்னான்:

"ரோட்டுல ஏறச்சொல்ல நின்னு திரும்பிப் பாத்தேம்மா. கைய ஆட்னேன். நீ நின்னுக்கினுதான் இருந்த. பதிலுக்கு ஆட்டவே இல்ல. கோவம்னு நெனச்சிக்கினேன்."

இத்தனை வருஷம் முதுகை மட்டுமே பார்த்தவள் செங்கம்மா. அந்த முறை பிரேமலதா வந்தபோது, அவன் திரும்பிக் கை ஆட்டிய வெளிச்சம் எப்போது வந்து சேரும் என்று கேட்டாள். பிரேமலதா பொய் சொல்லவில்லை. நிலம் வளருகிற வேகம் கூடிக்கொண்டே போகிறது, சில வெளிச்சம் எவ்வளவு வந்தாலும் கடந்து முடிக்காது. "வராமலே போகலாம்க்கா."

"வராம எங்க போவும்? நடுவுல கீறது என் நெலந்தான?"

அவன் கை ஆட்டுவது தெரிந்த பிறகு பதில் சொல்லத் தொடங்கினால் அது போய்ச் சேர இன்னும் தாமதமாகும். அதனால் செங்கம்மா தினமும் காலையில் வேலைக்கு இறங்கும் முன் மேற்கே பார்த்துக் கையை நன்றாக உயர்த்தி ஆட்டிவிடுகிறாள். அந்த வரப்பு வழியாகப் போகிற மற்றவர்களும் இப்போது கையை ஆட்டிவிட்டுத்தான் போகிறார்கள், ஆதிநாராயணன் உட்பட.