இடிதேவனின் மனைவி

கார்ட்டூன் புராணத்தில் இடிதேவனுக்கும் அவன் மனைவிக்கும் குரல் கொடுப்பவர்கள் நிஜத்திலும் தம்பதிதான். இப்போது தனித்தனி வீட்டில் இருக்கிறார்கள். முதல் நாள் அவன் பேசிவிட்டுப் போவான்; மறுநாள் ஹெட்போனில் அதைக் கேட்டு அவள் பதில் பேசுவாள்.

இன்று இடிதேவன் மன்னிப்புக் கேட்கும் காட்சி. "தப்பு என்னோடதுதான், தேவி," என்ற குரல் சற்றுத் தயங்கி, "வந்துடு, குட்டச்சி," என்றது. அது வீட்டில் மட்டும் அவன் அழைக்கும் பெயர். அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அண்ணன் கடைசியில என்னமோ சேர்த்துட்டாரு, அக்கா. வெட்டிடலாம். நீங்க திட்டுங்க," என்றார் இயக்குநர்.

எழுதியிருந்தபடியே திட்டினாள். "போய்யா! உன் இடி உன் தலையிலயே விழட்டும்! செத்தாலும் வரமாட்டேன்!"

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பால் கொல்லென்று சிரித்தார்கள். நாளை அவன் இதைக் கேட்டுத்தான் அடுத்த வசனம் பேச வேண்டும்.

"தம்பி, இன்னொரு தடவை எடுக்கலாமா?"

"எதுக்குக்கா? அள்ளிட்டீங்க," என்றவர் அடுத்த காட்சியை ஓடவிட்டார்.