ஒரு கால் கூடிய பலகை

பலகையில் ஒரு கால் கூடிப்போனதால் அந்த ஊர் வளைவில் பேச்சு நடந்துபோக ஆரம்பித்தது. கல் லாரிகள் கண்மண் தெரியாமல் பறக்கிற ரோடு அது. இந்தப் பக்கம் தையல்காரியின் கடை, அதன் பின்னாலேயே வீடு. எதிர்ப்பக்கம் அவள் புருஷனின் சைக்கிள் கடை. அந்த மனுஷனுக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். ரோட்டைக் கடக்கும்போது பாதியில் நின்று, கையிலிருக்கிற டியூபில் ஓட்டை எங்கே என்று தடவிப் பார்க்கிற ஆள். என்றைக்காவது லாரி இவரை அடித்துப் போட்டுவிடும் என்ற பயத்தில் தையல்காரிக்குத் தையலே கோணிக்கொண்டு போகும். தினமும் காலையில் அவர் முதுகைப் பார்த்து, "பாத்துப் போங்க. உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று முணுமுணுப்பாள். முகத்துக்கு நேராகச் சொல்ல வாய் வராது. நேரில் வசவுதான்.

வேகத்தைக் குறைக்கச் சொல்லி அவள் சாலை ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். காஜா எடுக்கவேண்டிய சட்டைகளையும் கொண்டுபோய் அங்கே பெஞ்சிலேயே உட்கார்ந்து எடுத்தாள். இவள் தொல்லை தாங்காமல் ஐம்பதை இருபதாகக் குறைத்தார்கள். பலகை எழுத பெயின்டர் வந்தான். ஏணியில் நின்றபடி போனில் பெண்டாட்டியிடம், "மெதுவா சொல்லும்மா, காது வலிக்குது" என்று கெஞ்சிக்கொண்டே எழுதினான். வாய் சொன்னதைக் கை எழுதிவிட்டது. 'மெதுவாகச் செல்லவும்' என்று இருக்கவேண்டியதில் ஒரு கால் சேர்ந்து, 'மெதுவாகச் சொல்லவும்' என்று ஆயிற்று. லாரிகள் அதைச் சட்டை செய்யவில்லை. பேச்சுதான் கீழ்ப்படிந்தது.

ரோட்டில் கத்திச் சொன்னது நடந்து போனது, முணுமுணுத்தது தவழ்ந்து போனது. தையல்காரி எறிந்த வசவு எதிர்க்கடைக்குப் போய்ச் சேரும்போது நிதானம் உள்ளே எதையோ தேடிக்கொண்டிருப்பார். காற்றடிக்க வந்தவர் வாங்கிக் கட்டிக்கொள்வார். வீட்டுக்குள் மட்டும் பேச்சு பழையபடியே இருந்தது. பலகை ரோட்டுக்குத்தானே! ஊரும் சீக்கிரமே பழகிக்கொண்டது.

ஒரு மத்தியானம் நிதானம் சாப்பிட வரும்போது, வழக்கம்போல நட்டநடு ரோட்டில் நின்று டியூபைத் தடவினார். வளைவில் லாரி திரும்பியது. தையல்காரி கழுத்தில் தொங்கும் டேப்போடு வாசலுக்கு ஓடிவந்து, "ஐயோ, ஓரமா வாங்க!" என்று அலறினாள். அலறல் இறங்கி ஒவ்வொரு அடியாக நடந்தது. அது போய்ச் சேராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் காலையில் அவள் முணுமுணுத்தது அதற்கு முன்பே கிளம்பியிருந்ததல்லவா? அது தவழ்ந்து தவழ்ந்து அப்போதுதான் நடுரோட்டுக்கு வந்திருந்தது. நேரே லாரியின் ஜன்னலுக்குள் நுழைந்தது. காதோரம் பெண்குரல், "பாத்துப் போங்க. உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றதும், தன் வீட்டுக்காரிதான் என்று டிரைவர் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். நிதானத்துக்கு ஒரு சாண் முன்னால் லாரி நின்றது.

முணுமுணுப்பு மறுபக்க ஜன்னல் வழியாக இறங்கி நிதானத்தின் காதுக்கும் வந்தது. அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவர் உதடு அசைந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு ஓரமாக வந்து, சாப்பிட உட்கார்ந்தார்.

"அங்க என்ன சொன்னீங்க?" என்று அவள் வீட்டுக்குள் கேட்டாள்.

"வந்து சேரும்ல. அதுக்குள்ள என்ன அவசரம்?"

அந்த டிரைவர் சொல்லி மற்ற டிரைவர்களும் வளைவில் வண்டியைத் தளர்த்தினார்கள். அவரவர் வீட்டுக் குரல் ஏதாவது காதில் விழும் என்ற ஆசைதான். பலகையில் கூடிப்போன காலை அழிக்கச் சொல்லி ஆபீசிலிருந்து பெயின்டரை மறுபடி அனுப்பியபோது, தையல்காரி கத்தரிக்கோலோடு ஏணியடியில் போய் நின்றாள். "அவர் சொன்னது இன்னும் என்கிட்ட வந்து சேரலப்பா. காலை எடுத்துட்டா நடுவழியில நின்னுடாதா?" பெயின்டருக்கு அது நியாயமாகப் பட்டது. பலகைக்குப் புது வர்ணம் மட்டும் அடித்துவிட்டுப் போனான்.

நிதானத்தின் பேச்சும் ஆளைப் போலத்தானே, பாதியில் நின்று நின்றுதான் வரும். மழைக்காலங்கள் வந்து போயின. தையல்காரிக்குக் கண்ணாடி வந்தது, நிதானத்துக்குத் தலை நரைத்தது. ஒரு நாள் ஊசியில் நூல் கோக்கும்போது, வாசற்படி ஏறி உள்ளே வந்தது அவர் குரல், நரைக்காத பழைய குரல்: "எனக்கும் நீ மட்டும்தான்டி."

எதிர்க்கடையில் அவர் ஏதோ சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாசலுக்கு வந்து, "கேட்டுச்சு" என்று ரோட்டில் இறக்கி விட்டுவிட்டு, போய் மறுபடி நூல் கோத்தாள்.