இரைச்சல் நீக்கிய வீடு

1

இது கதையாகப் பிறக்கவில்லை. கட்டடக் கொந்தராத்துக்காரர்கள் சிலர் சேர்ந்து போடும் ஆண்டு மலருக்கு, ‘வீடியோ கூட்டம் நமது தொழிலுக்குப் பொருந்துமா?’ என்ற தலைப்பில் நான் எழுத ஒப்புக்கொண்ட இரண்டு பக்கக் கட்டுரை இது. பள்ளிக்கூடத்தில் வணிகம் படிப்பிக்கிறேன், இடைக்கிடை கதையும் எழுதுகிறேன் என்பதால் என்னைத் தேடி வந்தார்கள். வந்தவர் ஸாஹிர். காத்தான்குடியில் இருந்துகொண்டு ஓட்டமாவடி வரை வீடு கட்டிக்கொடுக்கிறவர்.

“பொருந்தும் எண்டு முடிங்க டீச்சர்,” என்றார், கதிரையில் உட்காரும் முன்பே. “உதாரணத்துக்கு நம்மட றஸீனா ராத்தாட ஊட்ட எழுதுங்க. எல்லாம் வீடியோவிலதான் பேசி முடிச்ச. ஒரு சண்டை சச்சரவு இல்ல.”

முடிவைக் கையில் கொடுத்து எழுதச் சொன்ன ஒரே எழுத்து இதுதான். எனக்கு வசதியாகத்தான் இருந்தது. றஸீனா இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறார். அவரிடமும் நாலு நல்ல வார்த்தை வாங்கிப் போட்டால் கட்டுரை முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

2

வீடியோ கூட்டத்தின் முதல் நன்மை, தூரம் என்பது இல்லாமற் போவது. கடல் கடந்து உழைப்பவர்கள் தங்கள் வீட்டின் ஒவ்வொரு கல்லையும்

(இங்கே நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு கல்லையும் பார்க்கிறார்கள் என்று எழுதினால் பொய். ஸாஹிர் கமராவைத் திருப்புகிற பக்கத்துக் கல்லைத்தான் பார்க்கிறார்கள்.)

2, மறுபடியும்

எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். றஸீனாவின் கணவர் உயிரோடில்லை, மௌத்தாகிவிட்டார். மகன் அப்ஹாம் கட்டாரில். மூத்த மகள் இன்ஷிராவுக்கு ஏறாவூரில் மாப்பிள்ளை பேசியாயிற்று. இளையவள் ரிப்கா என் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு. இப்போது இருக்கிற வாடகை வீட்டுக்குப் பக்கத்தில், சொந்தமாக இருப்பதோ ஒரே ஒரு வளவு நிலம். முன்பாதியில் இன்ஷிராவுக்கு இப்போது வீடு, பின்பாதியில் ரிப்காவுக்குப் பிறகொரு வீடு. றஸீனா மனதில் போட்டு வைத்திருந்தது அவ்வளவுதான். பின்பாதி போய்விட்டால் ரிப்காவுக்கு வீடு இல்லை, வீடு இல்லாத பெண்ணைக் கேட்டு இங்கே யாரும் வருவதில்லை. இந்த வழக்கத்தின் மேல் எனக்கு ஆத்திரம்தான். அதை மலரில் எழுத முடியாது, இங்கே எழுதிவிட்டேன்.

3

சீலையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

வீட்டுப் பேச்சு நடக்கும்போது ஆண்கள் ஹோலில் இருப்பார்கள். பெண்கள் அறைவாசலில் தொங்கும் சீலைக்குப் பின்னால். உள்ளேயிருந்து ஒரு சொல் வரும், மெதுவாக, ஒரே ஒரு தரம். சீலைக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறவர் அதை வாங்கிச் சபைக்குச் சொல்லுவார்: “உள்ளுக்கால இப்பிடிச் சொல்றாங்க.” அதோடு அது சபையின் சொல்லாகிவிடும். பேசி முடித்த கலியாணங்களே அப்படி ஒரு சொல்லில் நின்றுபோனதைக் கண்டிருக்கிறேன்.

வாசிக்கும் உங்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. நானும் சுளித்தவள்தான். ஆனால் அந்தக் கதிரையில் காது கொடுக்கிற ஒருவர் இருந்தவரை சொல் போய்ச் சேர்ந்தது.*

* மண்டூரில் கண்ணகை என்பவருக்கும் ஸாஹிர் வீடு கட்டினார். அந்த அம்மா கமராவுக்கு நேரே வந்திருந்து, கனடாவில் இருக்கும் தம்பியோடு சண்டை பிடித்து, சமைக்கிற குசினியின் யன்னலைத் தன் விருப்பப்படி மாற்றவைத்தார். அங்கே வீடியோ கூட்டம் நன்றாகவே பொருந்தியது. கட்டுரைக்கு இது தேவை, கதைக்கு இடைஞ்சல். அதனால் அடிக்குறிப்பில் தள்ளினேன்.

4

அன்றைய கூட்டத்தில் மூன்று ஆண்கள். அப்ஹாம் கட்டாரில், தன் அறையில். மாப்பிள்ளையின் மாமா சரீப் ஏறாவூரில், தன் கடையில். ஸாஹிர் மடிக்கணினியோடு றஸீனாவின் ஹோலில், சீலைக்குப் பக்கத்துக் கதிரையில். சீலைக்குப் பின்னால் றஸீனாவும் இன்ஷிராவும். ரிப்கா பள்ளிக்கூடத்தில்.

ஓட்டோச் சத்தத்திலும் காகச் சத்தத்திலும் பேச்சு ஒன்றும் கேட்கவில்லை என்று அப்ஹாம் முந்திய கூட்டங்களில் குறைப்பட்டிருந்தான். அதனால் ஸாஹிர் இரண்டு காதிலும் இயர்போன் செருகியிருந்தார். பின்னணி இரைச்சலை நீக்கும் வசதியையும் முழுக்கக் கூட்டி வைத்திருந்தார். கிட்ட இருந்து பேசுகிறவரின் குரல் மட்டும் அந்தப் பக்கம் போகும். தள்ளியிருந்து வருவதெல்லாம் அந்தச் செயலிக்கு இரைச்சல்.

சரீப் கேட்டார்: “ஊட்டப் பின்வேலி வரைக்கும் இழுத்தா என்ன? கார் விடவும் இடம் வரும், மேலுக்குப் படியும் வைக்கலாம்.”

இது ஸாஹிரின் காதுக்குள் விழுந்தது. சீலைக்குப் பின்னால் கேட்டது ஸாஹிரின் பதில் மட்டும்தான். “பின்வேலி வரைக்குமா? ஓம், தாராளமா இழுக்கலாம்.”

றஸீனாவுக்கு அது போதுமாக இருந்தது. சீலைக்குப் பின்னாலிருந்து சொன்னார்: “பின்வளவு ரிப்காட. அதில கை வைக்க வேணாம்.”

(சொன்னார் என்று றஸீனா சொல்கிறார். கட்டுரையாக இருந்தால் இந்த இடத்தில் ஆதாரம் கேட்பேன்.)

5

ஆதாரம் இருக்கிறது. ஸாஹிர் கூட்டத்தைப் பதிவுசெய்திருக்கிறார். பெருமையோடு போட்டுக் காட்டினார். நான் பார்த்தேன். சரீப் கேட்கிறார், ஸாஹிர் பதில் சொல்கிறார். பிறகு ஒரு மௌனம். ஸாஹிரின் தோளுக்குப் பின்னால் சீலை ஒல்லுப்போல, கொஞ்சமே கொஞ்சம், அசைகிறது. மின்விசிறியாகவும் இருக்கலாம்.

“உம்மாக்கு மறுப்பு ஏதும் இரிக்கா?” என்று அப்ஹாம் கேட்கிறான். அந்தக் கேள்வியும் ஸாஹிரின் காதோடு நின்றுவிட்டது. ஸாஹிர் திரும்பிப் பார்க்கவில்லை, காதிலிருந்ததைக் கழற்றவுமில்லை. “ஒண்டும் சொல்லல்ல தம்பி,” என்கிறார்.

“அப்ப சம்மதம்தான். அல்ஹம்துலில்லாஹ்.”

மௌனம் சம்மதம். நல்ல பழமொழி. யாருடைய மௌனம் என்று கேட்க அதில் இடமில்லை.

விஷயம் தெரிந்து றஸீனா மகனுக்கு எடுத்தபோது அவன் சொன்னானாம்: “கேட்டனே உம்மா, மறுப்பு இரிக்கா எண்டு. அப்ப சும்மா இரிந்துபோட்டு இப்ப சொன்னா எப்பிடி? சரீப் மாமாக்கு வாக்குக் குடுத்தாச்சி. குடுத்த வாக்கக் கிறுகி வாங்கினா ராத்தாட கலியாணம் நிண்டுரும்.”

“நீங்கள் வெளியே வந்து சொல்லியிருக்கலாமே?” என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“எப்பிடி டீச்சர் வாற? அங்கால அந்நிய ஆம்புள பாத்துக்கு இரிக்கார். நான் சொல்லிற்றன் எண்டுதான் நினைச்சன். ஸாஹிர் பக்கத்துலதானே இரிந்த. எத்தின ஊட்டுல அவரு வாங்கிச் சொல்லியிரிக்காரு!”

அத்திவாரம் வெட்டியாயிற்று. பின்வேலி வரை.

6

ஒரு கதாபாத்திரத்தைச் சந்தேகிப்பது எழுத்தாளரின் உரிமை என்பார்கள். சந்தேகித்துப் பார்த்தேன். மூத்தவளின் கலியாணம் குழம்பிவிடும் என்று பயந்து றஸீனா வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம். இளையவளின் முகத்தைப் பார்த்த பிறகு, சொன்னதாகத் தானே நம்பத் தொடங்கியிருக்கலாம். அப்படி எழுதினால் இலக்கியத்தரம் கூடும். ஸாஹிருக்கும் பிடிக்கும்.

எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது என் மேலேயே அருவருப்பு வந்தது. கிழித்துவிட்டேன்.

முடிவுகளும் சில எழுதினேன்.

அ) அடுத்த கூட்டத்தில் றஸீனா சீலையை விலக்கிக்கொண்டு கமராவுக்கு முன்னால் (இல்லை. கைதட்டலுக்காக ஒரு பெண்ணை அவர் விரும்பாத இடத்தில் நிறுத்த என்னால் முடியாது.)

ஆ) ஸாஹிர் தன் பிழையை உணர்ந்து (சிரிக்காதீர்கள்.)

ஸாஹிருக்கு ஐந்தாம் பகுதி வரை அனுப்பியிருந்தேன். மறுநாளே பதில் வந்தது. “நல்லா இரிக்கி டீச்சர். சீலைக் கதைய மட்டும் எடுத்துருங்க. தொழிலுக்கும் அதுக்கும் என்ன சம்மந்தம்?” ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழைய கதை. இப்போது அம்பலமே வீட்டு ஹோலுக்குள் வந்து இருக்கிறது, அப்போதும் ஏறவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவருக்குப் பதில் போடவில்லை.

7

எழுதியதை நேற்றுப் பின்னேரம் றஸீனாவிடம் வாசித்துக் காட்டப் போனேன். மூவரும் இருந்தார்கள். றஸீனா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இன்ஷிரா கலியாணச் சாரிக்குப் பொருத்தமான சட்டைத் துணியை மடியில் வைத்திருந்தாள். வெளியே கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

நாலாம் பகுதி முடிந்ததும் ரிப்கா எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை, தாயையும் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தாள்.

“ராத்தா, நீங்கதானே உம்மாக்குப் பக்கத்துல இரிந்த. உம்மா சொன்னவங்களா, இல்லியா?”

றஸீனாவின் கை நின்றது. ஆனால் அவர் நிமிரவில்லை.

இத்தனை நாளும் இந்தக் கேள்வியை அப்ஹாம் கேட்கவில்லை, ஸாஹிர் கேட்கவில்லை. எழுதுகிறேன் என்று திரிந்த நானும் கேட்கவில்லை. சொன்னாங்க என்று இன்ஷிரா சொன்னால், அதை அப்ஹாமிடமும் அவள்தான் சொல்லவேண்டி வரும். வாக்கு உடையும், கலியாணம் நிற்கலாம். கேட்கல்ல என்று சொன்னால் வீடு அவளுக்கு. உம்மா பொய்க்காரி ஆவார், தங்கச்சிக்கு நிலம் இல்லை.

இன்ஷிரா துணியை மடித்தாள். மறுபடி விரித்தாள்.

நான் எழும்பி வந்துவிட்டேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் வைக்க மாட்டேன். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, கற்பனை பண்ணி எழுதவும் மாட்டேன். அந்த மூன்று பேரும்தான் ஒரே கூரைக்குக் கீழே இருக்கப்போகிறார்கள்.

இன்ஷிராவின் பதிலை நீங்கள் எழுதுங்கள். இரண்டில் ஒன்று. இடம் விட்டிருக்கிறேன்.

“………………”

யோசியுங்கள், அவசரமில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நீங்கள் பேசாமல் இருந்தால் அதையும் சம்மதம் என்றுதான் எடுப்பார்கள். கல் இறக்கி முடிந்துவிட்டது.