கடைசி பெஞ்சுப் பரிசேயர்

டிரைவிங் ஸ்கூல்காரர் ஞாயிறுதோறும் ஆலயத்தில் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆராதனை தொடங்கும்முன் போதகர் மைக்கில், "ஐயா, நீங்க போய் அங்க உட்காரலாமா? முன்னால வாங்க" என்பார். இவர் இரண்டு முறை கையை ஆட்டி மறுப்பார். மூன்றாவது அழைப்புக்கு எழுந்து, நடுப்பாதையில் மெல்ல நடந்து போவார். சபையே திரும்பிப் பார்க்கும்.

அந்தப் போதகர் மாற்றலாகிப் போய், புதியவர் வந்தார். அவருக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. முதல் ஞாயிறு நம் ஆள் காத்திருந்தார். செருமினார். பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டு எடுத்தார். ஒருவழியாகப் போதகர் கண்ணில் பட்டார்.

"பின்னால இருக்கிற ஐயா, கதவு காத்துல அடிக்குது. கொஞ்சம் சாத்திடுறீங்களா?"

சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தவரின் முகம் சுண்டிப்போயிருந்தது. பக்கத்தில் இருந்தவர் வாட்ச் ரிப்பேர்காரர். அவருக்குக் காது மந்தம்.

அன்று பிரசங்கம், தன்னைப்போல நல்லவன் யாருமில்லை என்று கடவுளிடமே போய்ச் சொன்ன, வேதாகமத்தில் வரும் பரிசேயனைப் பற்றி.

வாட்ச்காரர் இவர் தோளைச் சுரண்டினார். "யாரைச் சொல்றாரு?"

"பரிசேயனை."

"யாரு?"

"பெருமை பிடிச்ச ஒருத்தன்."

"ஓ! நம்ம சபையா?"

"இல்லைங்க, அந்தக் காலத்து ஆளு."

"எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்காரு?"

ஏற்கெனவே வெந்துகொண்டிருந்தவருக்குப் பொறுமை போய்விட்டது. "இங்கதான்! நான்தான் அந்தப் பரிசேயன், போதுமா?"

சரியாக அந்த நொடியில் போதகர் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார். சபையே திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கம் இவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

போதகர் பிரசங்கக் குறிப்பை மூடி வைத்தார். பிறகு, "நானும்தான் ஐயா" என்றார். "இந்தப் பிரசங்கத்தைக் கண்ணாடி முன்னால நாலு தடவை பேசிப் பார்த்துட்டு, நானே கை தட்டிக்கிட்டேன்."

சிரிப்பில் ஆலயம் அதிர்ந்தது. நம் ஆள் மட்டும் தலை குனிந்திருந்தார். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. "மன்னியும் ஆண்டவரே" என்று முணுமுணுத்தார். அதற்குமேல் அழகாக ஜெபிக்க அன்று வரவில்லை.

வெளியே வந்ததும் வாட்ச்காரர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க பரிசேயரா? டிரைவிங் ஸ்கூல்காரர்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்!"

இந்த முறை இவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய், வாட்ச்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பிரசங்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி எழுதிக் காட்டினார். படித்துக்கொண்டே வந்த வாட்ச்காரர், சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு சொல்லைச் சுழித்தார்.

"தாழ்மைக்கு இந்த 'ள' வராதுங்க."

இவருக்குக் காதுமடல் சுட்டது. 'போனாப் போகுதுன்னு எழுதிக் காட்டினா எனக்கே பாடமா?' என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார். அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.

"வேற தப்பு ஏதாவது இருக்கா?"

"மூணு இருக்கு" என்றார் வாட்ச்காரர், சபைக்கே கேட்கும்படி.