வாலிழந்த செம்புரவி

வேனிற் கதிரவன் உச்சியினின்று சாய்ந்து, கூரையோடுகளைக் காய்ச்சிய இரும்பெனக் கனலச்செய்து, வண்டித் தடங்கள் வரிவரியாய் ஓடிய தெருப்புழுதியைப் பொன்துகளாக்கிக் காட்டிய அப்பிற்பகலில், நகரின் ஆரவாரம் யாவும் ஓய்ந்திருக்க, ஓயாதது ஒன்று உண்டு: தெருக்கோடிக் குதிரைக் கொட்டிலைச் சூழ்ந்த ஈக்களின் இரைச்சல். இலத்திக் குவியலினின்று எழுந்து, நனைந்த வைக்கோலில் ஊர்ந்து, கோட்டையை வளைக்கும் படையெனத் திரண்ட அவை, எதிர்க்க வல்லாரை விடுத்து, தற்காக்க இயலாத உயிரையே தேடித் தாக்கின. இவ்வியல்பில் அவை மாந்தரினின்றும் வேறுபட்டவை அல்ல, அறிஞரே.

அத்தகைய உயிரொன்று அக்கொட்டிலில் நின்றது. மாலைச் செவ்வானை உருக்கி வார்த்தாற்போன்ற இளம் பெண்புரவி அவள். அவளது வாலை எலும்போடு தறிக்கச் செய்திருந்தார் வண்டிகளுக்கு உடையவர். நோய்க்காகவா? இல்லை. பிழைக்காகவா? அதுவும் இல்லை. பெருமனைகளின் வாயில்தோறும் குட்டைவாற் குதிரைகளே நின்றன, அதற்காக. இயற்கை ஈந்த விசிறியை வீண்பெருமை அறுத்தெறிந்தது. குருதி குடிக்கும் கடியீ அடிவயிற்றில் ஊசியென இறங்கும்போதெல்லாம் எஞ்சிய அடிவால் வீணே துடிக்கும், கால் எழும், உதை விழும். இருமுறை வண்டிப்பலகை பிளந்தபின் உடையவர் தீர்ப்புரைத்தார்:

“இன்னொரு தடவை கால் தூக்குச்சுன்னா தோல்மண்டிக்குத்தான். சொல்லிட்டேன்.”

தன் தலையைச் சீவ மறந்தாலும் புரவிகளின் பிடரியை நாளும் வாரிவிடுவதால் ‘சீப்புக்காரர்’ எனப் பெயர்பெற்ற கொட்டிற் பணியாளர், அச்சொல் கேட்டதும் ஈக்களை விரட்ட முற்பட்டார். புகையிட்டும் எண்ணெய் பூசியும் ஈக்கள் அடங்காமை கண்டு, நடுவிலிருந்த குறுக்குக்கட்டையை அகற்றி, நெடுவால் படைத்த கிழக் குதிரையின் அருகே, அவன் வால் அவள் முகத்தை எட்டுமாறு அவளைத் தலைமாற்றி நிறுத்தினார். கிழவன் தன் ஈயை ஓட்டிய ஒவ்வொரு வீச்சும் அவள் இமையையும் விலாவையும் துடைத்துச் சென்றது. அவளோ கைம்மாறாக அவன் முதுகின் தினவைப் பல்லால் மெல்லச் சொறிந்தாள். கொட்டிலில் இளைப்பாறிய உடல், தெருவில் ஓரிரு கடியைப் பொறுத்துக்கொண்டது. உதை நின்றது.

நின்ற வேளையில்தான் கிழவனைக் கல்லுடைக்கும் குன்றுக்கு விற்றார் உடையவர்.

“ஐயா, கிழவன் போனா இவ நிக்க மாட்டா. அவன் வாலாலதான் இவ உயிர் ஓடுது.”

“குதிரைக்குக் குதிரை விசிறி வீசுதா? உன் தலைய வாரிக்க நேரமில்ல, இதையெல்லாம் பாத்துக்கிட்டிருக்கியா?”

“அவ வால வெட்டாம இருந்திருந்தா நான் ஏங்க பாக்கப்போறேன்?”

உடையவர் முகம் கறுத்தது. கிழவன் மறுநாளே போனான்.

சீப்புக்காரரின் மனைவி, சீப்பில் சேர்ந்திருந்த கிழவனின் வால்மயிரைத் திரட்டி, முறுக்கி, நெடுவால் ஒன்று பின்னிக் கட்டினாள். பார்வைக்குக் குறையில்லை. புரவி அடிவாலை அசைத்தாள். கட்டிய மயிர் செத்த கயிறெனத் தொங்கியது. கடியீ ஒன்று அதன்மேலேயே வந்தமர்ந்தது.

“அழகாத்தாங்க இருக்கு. வீசத்தான் மாட்டேங்குது.”

“அவுத்துடும்மா. அவளுக்கு அது ஒரு சுமை.”

உறக்கமிழந்து, விலாவெங்கும் தடித்து, இமைகள் வீங்கிய அப்புரவியைச் சந்தைத்தெரு வண்டியில் பூட்டினர். கடைகளின் நடுவே, அடிவயிற்றில் கடியீ இறங்கிற்று. பலகை பிளந்தது, வண்டி சரிந்தது, உள்ளிருந்த உடையவர் புழுதியில் உருண்டார். எழுந்தவர், தோல்மண்டி இருந்த திசையைக் கையால் காட்டினார்.

பூட்டவிழ்த்து அவளை நடத்திச் சென்ற சீப்புக்காரர், தோளிலிருந்த துண்டை எடுத்து, தெரு நெடுகிலும் அவள் இமைகளுக்கும் விலாவுக்கும் வீசிக்கொண்டே போனார். அந்நாளில் முதன்முறையாக அவள் தலைதாழ்த்தி, அமைதியாக நடந்தாள். மண்டி வாயிலில் தோலுரிப்பவன் அதைக் கண்டு நகைத்தான்.

“இன்னும் கொஞ்ச நேரத்துல போற உயிர். அதுக்கு எதுக்குப்பா விசிறி?”

“அந்தக் கொஞ்ச நேரமும் அவளோடதுதானே,” என்றார் சீப்புக்காரர். கை ஓயவில்லை.

கத்தி எடுத்தவனைக் கொடியவன் என்று உலகம் எளிதில் கூறும். அழகென்று சொல்லி அறுத்தவரை அவ்வாறு அழைத்தார் எவருமிலர். அன்று மாலையும் பெருமனை வாயில்களில் குட்டைவாற் குதிரைகள் வரிசையாய் நின்றன. கண்டோர் வியந்தனர், அவற்றின் தோலோ, ஓரிடமும் ஒழியாது, துடித்துக்கொண்டே இருந்தது.